அந்த நோட்டைப் பிடுங்காதீர்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மேனேஜராக இருக்கிறேன். கட்டிங், தையல், பேக்கிங் எங்களிடமே நடக்கிறது. நிட்டிங்கும் (நூலைத் துணியாகப் பின்னுவது) சாயமும் வெளியே கூலிக்குக் கொடுத்துச் செய்யும் ஜாப் ஒர்க். மொத்தம் 300 பேர். எட்டு மாதத்துக்கு முன்பு 14 லட்சம் செலவு செய்து ஈ.ஆர்.பி. சாஃப்ட்வேர் போட்டோம். நூல் வாங்குவதிலிருந்து ஷிப்மென்ட் போகிற வரை எல்லாம் ஒரே இடத்தில் தெரியும் என்றார்கள். இன்று ஸ்டாக் ரிப்போர்ட் எடுத்தால் பாதி துணிக்கு மைனஸ் காட்டுகிறது. துணி ஸ்டோரில் 22 வருடமாக இருக்கும் அண்ணன் இன்னும் நோட்டில்தான் எழுதுகிறார். சாயங்காலம் ஒரு பையன் அதைப் பார்த்து என்ட்ரி போடுகிறான். முதலாளியின் மகன், 'பழைய ஆட்கள் வேண்டுமென்றே ஒத்துழைக்க மறுக்கிறார்கள். நோட்டைப் பிடுங்குங்கள், சரிப்படாவிட்டால் ஆளை மாற்றுங்கள்' என்கிறார். சாஃப்ட்வேர்காரர்கள், 'எங்கள் பக்கம் குறை இல்லை, நீங்கள் டேட்டாவைச் சரியாகப் போடவில்லை' என்கிறார்கள். வேறு சாஃப்ட்வேர் வாங்கலாமா என்றும் பேச்சு நடக்கிறது. தவறு ஆட்களிடமா, சாஃப்ட்வேரிலா? நான் என்ன செய்ய வேண்டும்? பெயர் போட வேண்டாம்.

பதில்: அன்புள்ள நண்பருக்கு, வணக்கம்.

அவசரமான விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த நோட்டை யாரும் பிடுங்க வேண்டாம். ஸ்டோர் அண்ணனை மாற்றவும் வேண்டாம். குறைந்தது இன்னும் மூன்று மாதத்துக்காவது இந்த இரண்டையும் தள்ளிப் போடுங்கள். முதலாளி வீட்டில் அதற்கு மட்டும் சம்மதம் வாங்கிவிட்டால், மற்றதைப் பொறுமையாகச் சரி செய்யலாம்.

22 வருடம் வேலை பார்த்த ஒரு மனிதர், கம்ப்யூட்டர் பக்கத்திலேயே இருக்க, தன் கைப்பட ஒரு நோட்டு எழுதி வருகிறார். வீம்புக்காக யாரும் எட்டு மாதம் இப்படி உழைக்க மாட்டார்கள். அந்த நோட்டு இல்லாவிட்டால் மறுநாள் காலை அவரால் ஸ்டோரை நடத்த முடியாது, அதனால் எழுதுகிறார். அந்த நோட்டில் இருப்பதில் சாஃப்ட்வேரில் இல்லாதது என்ன என்று பார்த்தீர்களா? உங்கள் கேள்விக்குப் பெரும்பாலான பதில் அதில் இருக்கிறது.

உங்கள் ஸ்டோருக்கு நான் வந்ததில்லை. ஆனால் இருபது வருடத்துக்கு மேலாக இது போன்ற சிஸ்டங்களை அமைத்துக் கொடுப்பதே என் வேலை என்பதால் உங்கள் ஸ்டோர் மாதிரி பல இடங்களில் ராத்திரி நின்றிருக்கிறேன். பெரும்பாலும் நடப்பது இதுதான். இரவு பதினோரு மணிக்குச் சாயப்பட்டறையிலிருந்து வண்டி வந்து நிற்கும். டிரைவர் இன்னும் இரண்டு இடத்துக்குப் போக வேண்டும், அவசரப்படுத்துவார். நீங்கள் அனுப்பியது 500 கிலோ கிரே துணி, அதாவது சாயம் போடாத துணி. சாயம் போட்டு, காய வைத்து, காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காமல் இருக்க அழுத்துவது) முடிந்து வந்திருப்பது 468 கிலோ. ஸ்டோர்காரர் ரோல்களை எண்ணுவார், இரண்டு மூன்றை எடை போட்டுப் பார்ப்பார். ஒரு ரோலின் முனையை விரித்து, போன லாட்டில் (ஒரே தடவையில் சாயம் போட்ட துணி ஒரு லாட்) வெட்டி வைத்திருந்த துண்டோடு சேர்த்து டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்ப்பார். சரக்கோடு வந்த டெலிவரி சலானில், அதாவது டி.சி.யில், கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு நோட்டைத் திறப்பார். 'நேவி 22 ரோல் 468 கி. லாட் 2 லேசா செவப்படிக்குது. லாட் 1-ஓட கலக்கக் கூடாது. ரிப் வரல.'

ஒரே வரிதான். ஆனால் இதில் சாஃப்ட்வேருக்குள் போவது 22-ம் 468-ம் மட்டுமே. சிவப்படிக்கிறது என்பதை எழுத அங்கே கட்டம் இல்லை. நிறம் நேவி, பின்னல் சிங்கிள் ஜெர்சி, எடை 160 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 160 கிராம்) என்றால் அதற்கு எல்லாமே ஒரே துணி. இரண்டு லாட்டையும் கூட்டி ஒரே ஸ்டாக்காகக் காட்டிவிடும். அதை நம்பி ஒருவர் பாடியை லாட் 1-லும் கையை லாட் 2-லும் வெட்டினால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். தைத்து, செக்கிங் மேஜைக்கு வந்த பிறகுதான் கை ஒரு நிறம், உடம்பு ஒரு நிறம் என்பது கண்ணில் படும். அத்தனையும் ரிஜெக்‌ஷன். 'ரிப் வரல' என்பதும் அப்படியே. துணி இருக்கிறது என்று சாஃப்ட்வேர் பச்சைக்கொடி காட்டும், ஆனால் கழுத்துப் பட்டைக்கு வைக்கும் ரிப் துணி இல்லாமல் தையல் லைன் நின்று போகும்.

சரி, அந்த 468 கிலோவாவது உள்ளே போகிறதா என்றால், அதிலும் தடை. போனது 500, வந்தது 468, அளவு பொருந்தவில்லை என்று சில சாஃப்ட்வேர் மறுக்கும். ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் பி.ஓ. (கொள்முதல் ஆர்டர்) போடாமல் இன்வார்டு, அதாவது சரக்கு வரவுப் பதிவு, வாங்க மாட்டேன் என்று சில மறுக்கும். மெர்ச்சண்டைசர் அன்று பையரோடு உட்கார்ந்திருப்பார், பி.ஓ. நாளைக்குத்தான் வரும். வண்டியைத் திருப்பி அனுப்ப முடியுமா? முடியாது. துணி உள்ளே வந்துவிடும், என்ட்ரி வெளியே நிற்கும். காலை எட்டரைக்குக் கட்டிங் மாஸ்டர் வந்து கேட்கும்போது ஸ்டாக் பூஜ்யம். பூஜ்யத்திலிருந்து இஷ்யூ, அதாவது கட்டிங்குக்குத் துணி கொடுத்த பதிவு, போட முடியாது. ஷிப்மென்ட் தேதி நெருங்குகிறது, ஆகவே துணி மேஜைக்குப் போய் லேயர் விரித்தாகிவிடும். சாயங்காலம் அந்தப் பையன் உட்கார்ந்து, அவனுக்குத் தெரிந்த வழியில் இஷ்யூவைப் போடுகிறான். இன்வார்டு இன்னும் பி.ஓ.வுக்காகக் காத்திருக்கிறது. உங்கள் ரிப்போர்ட்டில் மைனஸ்.

அந்த மைனஸ் யாரும் பொய்யாக எழுதியது கிடையாது. சரக்கு முன்னே வந்து காகிதம் பின்னே வருகிறது என்பதை அது உள்ளபடியே காட்டுகிறது. சாஃப்ட்வேர் எழுதியவர்கள் காகிதம் முன்னே, சரக்கு பின்னே என்று நினைத்து எழுதிவிட்டார்கள். அவர்களையும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். அவர்கள் யாரோடு உட்கார்ந்து வேலையைக் கேட்டு எழுதினார்கள் என்று விசாரியுங்கள். முதலாளி மகனோடும் அக்கவுன்ட்ஸோடும் ஏ.சி. அறையில் பேசியிருப்பார்கள். ஸ்டோரில் ஒரு ராத்திரி நின்றிருக்க மாட்டார்கள். அக்கவுன்ட்ஸ் கண்ணுக்கு உலகம் பி.ஓ.விலிருந்துதான் ஆரம்பிக்கும். அது அவர்கள் வேலை.

தவறு ஆட்களிடமா, சாஃப்ட்வேரிலா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியை லின் மார்க்கஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1983-ல் எடுத்து அலசியிருக்கிறார். ஒரு பெரிய கம்பெனியில் தலைமை அலுவலகம் எல்லாப் பிரிவுகளின் வரவு செலவையும் ஒரே இடத்தில் சேர்க்க ஒரு கணக்கு சிஸ்டம் கொண்டு வந்தது. பிரிவுகளில் இருந்த கணக்கர்கள் மனமொப்பி அதற்குள் வரவில்லை. தலைமை அலுவலகம் அவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்றது. அவர்கள் சிஸ்டத்தைக் குறை சொன்னார்கள். மார்க்கஸ் கண்டது வேறு. அதுவரை பிரிவுக் கணக்கர்கள் தங்கள் கணக்கைத் தாங்களே வைத்து, சுருக்கி, விளக்கம் சேர்த்து மேலே அனுப்பினார்கள். புது சிஸ்டம் வந்ததும் தலைமை அலுவலகம் நேராக உள்ளே பார்க்க முடிந்தது. யாருடைய கையில் தகவல் இருந்ததோ அது இடம் மாறிவிட்டது. தலைமை அலுவலகத்தில் அதே சிஸ்டத்தை எல்லோரும் விரும்பினார்கள். ஆக, ஆளை மட்டும் தனியாக எடுத்தோ சாஃப்ட்வேரை மட்டும் தனியாக எடுத்தோ பார்த்தால் காரணம் தெரியாது. இந்த சாஃப்ட்வேர் இந்த இடத்தில் இவர்களுக்குள் எதை மாற்றுகிறது என்று பார்க்க வேண்டும்.

உங்கள் ஸ்டோருக்கும் இது பொருந்தும், இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். 'அண்ணா, நேவி எவ்வளவு இருக்கு?' என்று முதலாளியே வந்து அவரைக் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது முதலாளி மகன் போனில் பார்த்துவிட்டு, 'ஏன் மைனஸ்?' என்று கேட்கிறார். மரியாதையாக இருந்த இடம் விசாரணை நடக்கிற இடமாகிவிட்டது. அவருக்கு அது வலிக்கும். வலிப்பது நியாயம்.

முதலாளி மகனிடம் சொல்ல உங்களுக்கு ஒரு நடந்த கதை தருகிறேன். பனியன் சம்பந்தப்பட்டதில்லை, உயிர் சம்பந்தப்பட்டது. லண்டன் ஆம்புலன்ஸ் சேவை 1992 அக்டோபர் 26 அன்று, ஆம்புலன்ஸ்களை அனுப்பும் வேலையைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்தது. அதற்கு முன்பு போனில் வரும் தகவலைக் காகிதத்தில் எழுதுவார்கள். அந்தக் காகிதம் கன்வேயர் பெல்டில் போகும். ஒதுக்கீடு செய்யும் ஊழியர்கள், எந்த வண்டி எங்கே இருக்கும், எந்தத் தெருவில் எந்நேரம் நெரிசல் என்பதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு அருகில் உள்ள வண்டியை அனுப்புவார்கள். மெதுவான முறைதான், குறைகள் இருந்தன. மாற்ற வேண்டியதுதான். ஆனால் மாற்றிய விதத்தைப் பாருங்கள். 11 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று முதலிலேயே கெடு வைத்தார்கள். குறைந்த விலை சொன்னவர்களுக்கு வேலையைக் கொடுத்தார்கள். அப்படியும் அந்தக் கெடுவில் முடியவில்லை. ஊழியர்களுக்கு டிரெயினிங் கொடுத்ததற்கும் சிஸ்டம் லைவ் போனதற்கும் நடுவில் காலம் ஓடிவிட்டது, கற்றது பாதி மறந்து போயிற்று. தெரிந்த குறைகளே பல டஜன் பாக்கி இருந்த நிலையில், லண்டன் முழுவதுக்கும் ஒரே நாளில் மாற்றினார்கள். கட்டுப்பாட்டு அறையில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதையும் சேர்த்து மாற்றிவிட்டார்கள்.

அந்த சிஸ்டம் சரியாக ஓட ஒரு நிபந்தனை இருந்தது. ஒவ்வொரு வண்டியும் இந்த நிமிடம் எங்கே இருக்கிறது, காலியாக இருக்கிறதா என்பது தவறில்லாமல் தெரிய வேண்டும். வண்டியில் இருப்பவர்கள் கிளம்பும்போது ஒரு பொத்தான், சேர்ந்ததும் ஒரு பொத்தான் என்று வரிசை தவறாமல் அழுத்த வேண்டும். மயக்கமாகக் கிடப்பவரைத் தூக்கும் அவசரத்தில் சிலர் மறந்தார்கள், சிலர் வரிசை மாற்றி அழுத்தினார்கள். சில இடங்களில் ரேடியோ எட்டவில்லை. தகவல் பிசகியதும் கம்ப்யூட்டர் தவறான வண்டியை அனுப்பியது. ஒரே இடத்துக்கு இரண்டு வண்டிகளும் போயின. பிசகுகளைக் காட்டும் எச்சரிக்கைகள் திரையில் குவிந்து, பார்க்காமலே மேலே நகர்ந்து மறைந்தன. வண்டி வராததால் ஜனங்கள் திரும்பத் திரும்பப் போன் செய்தார்கள், அதனால் சிஸ்டம் இன்னும் மெதுவானது. மறுநாளே பாதி கைவேலைக்குத் திரும்பினார்கள். ஒரு வாரம் கழித்து, நவம்பர் 4 அதிகாலை, அதுவும் நின்றது. சுமார் மூன்று வாரத்துக்கு முன்பு சிஸ்டத்தில் வேலை செய்த புரோகிராமர் மறந்து விட்டுவிட்ட சில வரிகள், ஒவ்வொரு முறை வண்டி அனுப்பும்போதும் கொஞ்சம் நினைவகத்தை விழுங்கி, கடைசியில் சர்வரை நிரப்பிவிட்டிருந்தன. முழுக்கக் காகிதத்துக்கு வந்துவிட்டார்கள்.

அங்கேயும் ஊழியர்கள் வேண்டுமென்றே செய்தார்கள் என்ற பேச்சு எழுந்தது. 1993 பிப்ரவரியில் வந்த விசாரணை அறிக்கை அதை விட முக்கியமாகச் சொன்னது, நான் மேலே எழுதியவைதான். என் மனதில் நிற்பது இது. பழைய முறையிலும் தகவல் பிசகத்தான் செய்தது. ஆனால் அப்போது ஒரு மனிதர் நடுவில் இருந்தார். 'அந்த வண்டி இந்நேரம் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பியிருக்கும்' என்று ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தார். புதிய முறை அவர் ஓட்டை அடைக்க இடம் வைக்கவில்லை. உங்கள் ஸ்டோரில் அந்த மனிதர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

லண்டன்காரர்கள் கம்ப்யூட்டரே வேண்டாம் என்று விட்டுவிடவில்லை. 1996-ல் வேறு சிஸ்டம் கொண்டு வந்தார்கள், அது நிலைத்தது. முதலில் போன் எடுக்கும் பகுதியை மட்டும் கொடுத்தார்கள். மாதிரியை ஊழியர்களிடமே காட்டி, திருத்தி, அது பழகிய பிறகு அடுத்த பகுதி. மறு வருடம் அதற்கு விருதுகூடக் கிடைத்தது. முதலாளி மகனிடம் இந்தப் பாதியையும் தவறாமல் சொல்லுங்கள். அவர் கேட்பது தவறில்லை. ஒரு ஆர்டரில் எத்தனை கிலோ துணி எங்கே போனது என்று தெரியாமல் இந்த மார்ஜினில் தொழில் நடத்த முடியாது. ஸ்டோர் அண்ணன் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தால் அந்த நோட்டை வேறு யாராலும் படிக்க முடியாது என்பதும் உண்மை.

ஆளை மாற்றலாம் என்கிற யோசனைக்குக் கனடா அரசின் கதை போதும். ஃபீனிக்ஸ் என்ற சம்பள சிஸ்டத்தை 2016-ல் கொண்டு வந்தார்கள், சுமார் 2,90,000 அரசு ஊழியர்களுக்கு. மிச்சம் பிடிக்க வேண்டும் என்று, துறை துறையாக இருந்த சம்பள ஆலோசகர்கள் சுமார் 1,200 பேரின் பணியிடங்களை ஒழித்து, மிராமிச்சி என்ற ஊரில் ஒரே மையத்தில் 460 ஆலோசகர்களை வைத்தார்கள். சம்பள விதிகள் 80,000-க்கு மேல். அந்த விதிகளின் நெளிவு சுளிவு தெரிந்தவர்கள் வெளியே போய்விட்டார்கள். செலவும் கெடுவும் இடித்ததால் 984 செயல்பாடுகளில் நூற்றுக்கு மேற்பட்டவற்றை நீக்கினார்கள் அல்லது பிறகு பார்க்கலாம் என்று ஒத்திவைத்தார்கள். ஒரு துறையில் முதலில் ஓட்டிப் பார்ப்பதாக இருந்த சோதனையையும் ரத்து செய்தார்கள். விளைவு, பல்லாயிரம் பேருக்குச் சம்பளம் குறைந்து வந்தது, அதிகமாக வந்தது, வராமலே போனது. 2018-ல் தலைமைத் தணிக்கையாளர் மைக்கேல் ஃபெர்குசன் இதைப் புரிந்துகொள்ளவே முடியாத தோல்வி என்று அறிக்கையில் எழுதினார். மிச்சம் பிடிக்கக் கொண்டு வந்தது அதைவிடப் பல மடங்கு தின்றுவிட்டது.

சம்பளம் என்றதும் என் சொந்த அனுபவம் ஒன்றை எழுதாமல் இருக்க முடியவில்லை. 2011-ல் கொங்குப் பகுதியில் ஒரு தையல் யூனிட்டுக்கு விரல்ரேகை வைத்து வருகை எடுத்து, அதிலிருந்தே கூலி போடும் சிஸ்டம் அமைத்துக் கொடுத்தேன். அங்கே மாலை ஐந்தரைக்கு மேல் மூன்று மணி நேரம் நின்றால் அரை ஷிப்டு கூலி, அது அவர்களுக்குள் இருந்த பழைய வழக்கம். எங்கும் எழுதி வைத்ததில்லை. நான் யாரையும் கேட்கவுமில்லை. எட்டு மணி நேரத்தில் மூன்று மணி என்று மணிக்கணக்கு வைத்தேன். நாள் கூலி 400 என்றால் அரை ஷிப்டுக்கு 200 வர வேண்டியது, 150 வந்தது. வாரத்தில் ஆறு நாளும் நின்ற ஒரு பெண்ணுக்குச் சனிக்கிழமை 300 ரூபாய் குறைவு. கவரைப் பிரித்து அங்கேயே எண்ணிப் பார்த்துவிட்டு அந்த அம்மா என்னிடம் வந்து, 'சார், மெஷினுக்கு நாங்க ராத்திரி நின்னது தெரியலையா?' என்று கேட்டார். திங்கட்கிழமை பணத்தைக் கொடுத்துவிட்டார்கள், கணக்கையும் திருத்தினேன். ஆனால் அதன் பிறகு அந்த யூனிட்டில் என் சிஸ்டம் சொன்ன எந்த எண்ணையும் யாரும் நம்பவில்லை. ஒரு வருடத்தில் எடுத்துவிட்டார்கள். அந்தக் கேள்வியை நான் இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இன்னொன்று. ஜொனாதன் க்ரூடின் என்பவர் 1988-ல் எழுதிய ஒரு கட்டுரையை நான் ஒவ்வொரு வேலைக்கு முன்பும் நினைத்துக்கொள்வேன். அலுவலகத்தில் எல்லோருக்கும் பொதுவான நாட்காட்டி கொடுத்தால், கூட்டம் போடுகிற அதிகாரிக்கு வசதி. ஆனால் அது வேலை செய்ய வேண்டுமானால் மற்ற எல்லோரும் தங்கள் நாளைப் பதிவு செய்துகொண்டே இருக்க வேண்டும். உழைப்பு ஒருவருக்கு, பலன் இன்னொருவருக்கு. அப்படிப்பட்டது நிலைக்காது என்றார். உங்கள் சாஃப்ட்வேரை இந்தக் கண்ணால் பாருங்கள். என்ட்ரி முழுவதும் ஸ்டோர், கட்டிங், செக்கிங் தலையில். ரிப்போர்ட் முழுவதும் மாடியில். ஸ்டோர் அண்ணனுக்கு அதிலிருந்து ஏதாவது ஒன்று திரும்பக் கிடைக்கிறதா?

கிடைக்கும்படி செய்யலாம். அவர் நாள் எங்கே போகிறது என்று கவனியுங்கள். என் அனுபவத்தில், ஸ்டோர்காரருக்குப் பாதி நாள் சாயப்பட்டறைக்கும் காம்பாக்டிங்குக்கும் போன் போடுவதிலேயே போய்விடும். எந்த டி.சி.யில் எத்தனை கிலோ போய் இன்னும் வரவில்லை, எத்தனை நாள் ஆயிற்று, யாரைத் துரத்த வேண்டும். இந்தத் தகவல் உங்கள் சாஃப்ட்வேருக்குள் ஏற்கெனவே இருக்கிறது. தினமும் காலை எட்டு மணிக்கு, பட்டறை வாரியாக, பழைய பாக்கி மேலே வரும்படி தமிழில் ஒரே தாளில் அச்சடித்து அவர் கையில் கொடுங்கள். முதல் வாரம் அதில் பிழைகள் இருக்கும். அவரே பேனாவால் அடித்துத் திருத்தித் தருவார். அந்தத் திருத்தங்களை அன்றைக்கே உள்ளே ஏற்றுங்கள். தன் என்ட்ரி சரியாக இருந்தால் தன் தாள் சரியாக வரும் என்று தெரிந்தவுடன், என்ட்ரியில் அவருக்கே அக்கறை வந்துவிடும். இதை நான் மூன்று இடங்களில் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் சாஃப்ட்வேர்காரர்களிடம் மூன்றே மாற்றம் கேளுங்கள். பி.ஓ. இல்லாமலும் தற்காலிக இன்வார்டு போட முடிய வேண்டும். பி.ஓ.வை இரண்டு நாளுக்குள் சேர்க்கும் பொறுப்பு மெர்ச்சண்டைசருடையதாகவும், சேர்க்காவிட்டால் அவர் திரையில் சிவப்பாக நிற்பதாகவும் இருக்கட்டும். இரண்டாவது, சாயத்தில் குறையும் எடைக்குத் துணி வகைக்கு ஏற்ப ஒரு வரம்பு வைத்து, அதற்குள் இருந்தால் கேள்வி கேட்காமல் ஏற்க வேண்டும், மீறினால் மட்டும் உங்களிடம் வர வேண்டும். மூன்றாவது, லாட்டைத் தனி ஸ்டாக்காக வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஷேடு (நிறச் சாயல்) குறிப்பு எழுத இடம். எந்த லாட்டை எதோடு சேர்க்கலாம் என்று ஒப்புதல் கொடுக்கும் உரிமையை ஸ்டோர் அண்ணன் பெயரிலேயே வையுங்கள், அவர் ஒப்புதல் இல்லாமல் கட்டிங்குக்கு இஷ்யூ ஆகக் கூடாது. நோட்டு கொடுத்து வந்த மதிப்பு புதிய முறையிலும் அவருக்குக் கிடைக்க வேண்டும்.

மூன்றுக்கு மேல் இப்போது கேட்காதீர்கள். ஒவ்வொரு பழக்கத்துக்கும் சாஃப்ட்வேரை வளைக்கப் போனால் அதற்கும் முடிவில்லை. ஜெர்மனியின் லிடில் என்ற பெரிய கடைத்தொடர், சரக்கு இருப்பைக் கொள்முதல் விலையில் மதிப்பிடும் தன் வழக்கத்தை விடாமல், விற்பனை விலையை அடிப்படையாகக் கொண்ட ஒரு பெரிய சாஃப்ட்வேரை அதற்காக மாற்றிக்கொண்டே போனது. 2011-ல் தொடங்கிய வேலையை 2018-ல் கைவிட்டார்கள். சுமார் 50 கோடி யூரோ போனதாக அந்நாட்டுப் பத்திரிகைகள் எழுதின. உங்கள் பழக்கங்களில் எது துணியின் குணத்தால் வந்தது, எது வெறும் சௌகரியத்தால் வந்தது என்று பிரித்துப் பாருங்கள். லாட் நிறம் துணியின் குணம். அதற்குச் சாஃப்ட்வேர்தான் வளைய வேண்டும். டி.சி. நம்பரைச் சிகரெட் அட்டையில் குறித்து வைப்பது சௌகரியம், அதை நீங்கள் விட்டுவிட வேண்டும்.

வேறு சாஃப்ட்வேர் வாங்கும் பேச்சை ஆறு மாதத்துக்கு நிறுத்தி வையுங்கள். இப்போது வாங்கினால் அதுவும் பி.ஓ.விலிருந்துதான் ஆரம்பிக்கும். மேலே சொன்ன மூன்று மாற்றத்தையும் இவர்கள் செய்யவே மறுத்தால் அப்போது தேடலாம். அப்படித் தேடும்போது டெமோ காட்ட வருபவர்களிடம் அவர்கள் கொண்டு வந்த உதாரணத்தைப் பார்க்காதீர்கள். நோட்டின் ஒரு பக்கத்தைக் கொடுத்து, 'இந்த ராத்திரியை உங்கள் திரையில் போட்டுக் காட்டுங்கள்' என்று கேளுங்கள்.

அந்தப் பையன் சாயங்காலம் என்ட்ரி போடுவதை மட்டும் உடனே நிறுத்துங்கள். நோட்டிலிருந்து பார்த்துப் போடும்போது நேரமும் தப்பு, வரிசையும் தப்பு, அவனுக்குப் புரியாத குறிப்புகள் எல்லாம் வெளியே நின்றுவிடும். அவன் வேலை நேரத்தை மாற்றி, வண்டி வரும் நேரத்தில் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர் துணியைப் பார்த்துச் சொல்லட்டும், அவன் அப்போதே போடட்டும். அவர் டைப் அடிக்கப் பழக வேண்டும் என்ற கட்டாயம் எதற்கு? அவர் கண்தான் நமக்கு வேண்டும். துணி ஸ்டோர் மட்டும் முதலில். கட்டிங், தையல், கூலி எல்லாம் பழைய முறையிலேயே ஓடட்டும். சனிக்கிழமைக் கூலியில் கடைசியாகக் கை வையுங்கள்.

நோட்டை எப்போது நிறுத்துவது என்று தேதி குறிக்காதீர்கள். மாதக் கடைசியில் ரோல்களை எண்ணி எடை போட்டு, சாஃப்ட்வேரோடும் நோட்டோடும் ஒப்பிடுங்கள். மூன்றும் தொடர்ந்து ஒத்து வரும்போது, இரண்டு முறை எழுதுவதை அவரே விட்டுவிடுவார்.

இதையெல்லாம் தொடங்குவதற்கு முன்பு இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஸ்டோர் அண்ணனிடம் போய், விசாரிக்கிற மாதிரி இல்லாமல், 'அண்ணா, கடைசி ஒரு வாரத்து நோட்டைப் படித்துக் காட்டுங்கள், எனக்குப் புரிய வேண்டும்' என்று கேளுங்கள். டீ வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஒவ்வொரு வரியையும் தனித்தாளில் எழுதி, திரையில் இதற்கு இடம் இருக்கிறதா இல்லையா என்று பக்கத்திலேயே குறித்து வாருங்கள். ஷேடுக்கு அவர் என்னென்ன வார்த்தை வைத்திருக்கிறார் என்றும் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். செவப்படிக்குது, மங்கல், பச்சை தட்டுது, இப்படி ஏழெட்டு இருக்கும். சாஃப்ட்வேர்காரர்கள் அந்தக் கட்டத்துக்கு என்ன பெயர்கள் போடலாம் என்று கேட்கும்போது அந்த வார்த்தைகளை அப்படியே கொடுங்கள். அந்தத் தாளை எனக்கும் அனுப்புங்கள். முதலாளி மகனிடம் பேசும்போது வைத்துக்கொள்ள எதை எப்படி எழுதலாம் என்று இருவரும் பார்க்கலாம்.